'இறுதி நிலை' என்று எழுத மறுத்தவர்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, சக மருத்துவர்களே, செவிலியர்களே, உணவுக்கோளாறு வார்டிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளே, அவர்களைப் பெற்றவர்களே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவின் கணவர் அவர்களே, டாக்டரம்மாவுக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் அனைவருக்கும் என் வணக்கம்.

டாக்டரம்மாவோடு இந்த மருத்துவமனையில் அதிகம் சண்டை போட்டவன் நான்தான். அதனால்தான் என்னைப் பேசச் சொன்னார்களோ என்னவோ! அவர் உணவுக்கோளாறு மருத்துவர்; சாப்பிடவே மனம் மறுக்கும் நோய்க்கு வைத்தியம் பார்ப்பவர். நான் தீராத நோயாளிகளுக்குக் கடைசிக் காலத்தில் வலி தணிப்பவன். அடுத்தடுத்த அறை எங்களுக்கு. நடுச்சுவர் எங்கள் சத்தத்துக்குப் போதவில்லை.

எதற்குச் சண்டை? பல ஆண்டுகள் சாப்பிட முடியாமல் தவித்து, எந்தச் சிகிச்சையும் பலிக்காமல் போன நோயாளிக்கு 'இறுதி நிலை' என்று எழுதலாமா, கூடாதா? எழுதலாம் என்றேன் நான். மூக்கில் குழாய் போட்டு, திமிறாமல் கையைப் பிடித்து உணவு செலுத்தி, ஒரு மனுஷியை எத்தனை காலம்தான் வதைப்பது? அமைதியாகப் போக விடுவதும் கருணைதானே?

டாக்டரம்மா மேசையைத் தட்டினார்.

"கேன்சர்னா ஸ்கேன் சொல்லும். இதுக்கு எது சொல்லும்? நீங்களும் நானும் களைச்சுப் போயிட்டோம், அவ்வளவுதான். நம்ம களைப்பை அவ தலையில எழுதாதீங்க!"

அவர் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளி இல்லாமல் அவரைப் பற்றிய முடிவு கிடையாது. விடுவிடென்று போய் அன்று நாங்கள் வாதாடிய நோயாளியான தையற்காரப் பெண்ணையும் அவள் அம்மாவையும் அழைத்து வந்து உட்கார வைத்தார்.

"இப்ப அவகிட்டயே சொல்லுங்க."

அந்தப் பெண்தான் பேசினாள்.

"சாகணும்னு நான் கேக்கல சார். கொஞ்சம் வலி இல்லாம இருந்தா போதும். அப்புறம், எதைச் செஞ்சாலும் எங்கிட்டக் கேட்டுட்டுச் செய்யுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா? உங்க மருந்து வேணுமாம். உங்க முத்திரைதான் வேணாமாம்!"

அன்றிலிருந்து அவர் வார்டுக்கு நானும் போனேன். அந்தப் பெண் இதோ, இந்தக் கூட்டத்தில் இருக்கிறாள். முழுக்கக் குணமாகிவிட்டாள் என்று நான் பொய் சொன்னால் டாக்டரம்மா எழுந்து வந்து திட்டுவார். ஆனால் இருக்கிறாள்! தைக்கிறாள், சிகிச்சைக்கு வருகிறாள், என்னை வம்புக்கும் இழுக்கிறாள்.

எல்லோரும் பிழைத்தார்களா? இல்லை. பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள் எங்கள் கண்ணெதிரே போனாள். வலியை நான் தணித்தேன். கடைசிவரை அவள் கையை விடாமல் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். அன்றும் அந்தச் சொல்லை எழுதவில்லை. "என் மகளை யாரும் கைகழுவவில்லை" என்று அந்தத் தந்தை சற்றுமுன் என்னிடம் சொல்லி அழுதார். இதைவிடப் பெரிய நன்றியை நான் எங்கே போய்த் தேடுவேன்?

நண்பர்களே, திங்கட்கிழமை நம் நெறிமுறைக் குழு இந்தச் சொல்லை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறது. என் கருத்து மாறிவிட்டதா என்று கேட்பீர்கள். பாதிதான் மாறியிருக்கிறது. மீதிக்கு அவரோடு இன்னும் நிறையச் சண்டை பாக்கி இருந்தது.

டாக்டரம்மா, எதிரில் ஆள் இல்லாத வாதத்தில் ஜெயிக்க எனக்கு மனமில்லை. என் பக்கத்தை வேறு யாராவது பேசட்டும். திங்கட்கிழமை உங்கள் பக்கத்தை நான் பேசுகிறேன்.