காசிக் குகை மூச்சுவிட்ட நாள்

இதற்கு முன்னால் நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தது ஒரு செருப்புத் திருட்டு விஷயமாக. உங்களுக்கு முன்பு இருந்த இன்ஸ்பெக்டர் காலத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தோட்டத்துக் குகையைப் பார்க்க வருகிறவர்கள் கேட்டுக்குள் நுழைந்ததுமே செருப்பைக் கழற்றிவிடுவார்கள். நான் கழற்றச் சொன்னதில்லை, அவர்களாகவே அதைக் கோயில் மாதிரி ஆக்கிக்கொண்டார்கள். அந்தக் கும்பலில் யாரோ ஒரு ரிட்டயர்டு ஜட்ஜின் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஜட்ஜே வந்துபோகிற வீடு என்று தெரிந்ததும் உங்கள் ஏட்டு எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். இன்றைக்கு நீங்களும் போட்டிருக்கிறீர்கள். சந்தோஷம்.

நான் வந்தது பேப்பரில் வந்த ஒரு செய்தியைத் திருத்தச் சொல்வதற்காக. அதற்கு முதலில் இசக்கிமுத்து எப்படிச் செத்தான் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. விபத்து என்று எழுதி நீங்கள் பைலைக் கட்டிவிட்டீர்கள். உங்கள் மேல் குற்றமில்லை. பார்க்கிறவர்களுக்கு அது விபத்தாகத்தான் தெரியும்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மவுண்ட் ரோடில் ஒரு இன்ஷ்யூரன்ஸ் ஆபீஸில் பழைய காகிதங்களைக் காக்கிற வேலை. நான் வாயைத் திறந்தால் அடுத்த மேஜைக்காரர் கொட்டாவி விடுவார். வீட்டில் நானும் என் மனைவி விசாலாக்ஷியும்தான், குழந்தைகள் இல்லை. மந்தைவெளியைத் தாண்டி அடையாற்றுப் பக்கமாக அப்பா விட்டுப்போன தோட்டம். அதன் கோடியில் ஒரு செம்பாறை மேடு, மேட்டின் அடியில் குகை. ஆள் குனிந்து நுழையலாம். கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு இடதுபுறம் திரும்பிக் கீழே சரியும். ஒரு சித்தர் அதற்குள் போய்க் காசியில் கரையேறினார் என்று அப்பா சொல்லுவார். அவருக்கு அவர் அப்பா சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் குகை வாசலில் நின்று இந்தக் கதையை நான் சொல்லும்போது ஐம்பது பேர் மூச்சுக்காட்டாமல் கேட்பார்கள். டாக்டர்கள், வக்கீல்கள், பாட்டு வாத்தியார்கள். ஒரு வாரப் பத்திரிகை என் படத்தைப் போட்டது. அந்த ஒரு வேளைக்காகத்தான் மீதி ஆறு நாளும் நான் பஸ் ஏறினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

குகைக்கு ஒரு விசேஷம் உண்டு. அது மூச்சு விடும். வாசலில் ஊதுவத்தியைப் பிடித்தால் சில நாள் புகை உள்ளே இழுபடும், சில நாள் வெளியே தள்ளப்படும். சித்தர் மூச்சு இழுக்கிறார், சித்தர் மூச்சு விடுகிறார் என்று நான் சொல்ல, ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தினமும் காலையில் குளித்ததும் ஊதுவத்தியோடு அங்கே போய்ப் பார்ப்பது என் வழக்கம். பல வருஷம் பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. வெயில் நன்றாக அடிக்கிற நாட்களில் குகை உள்ளே இழுக்கும். மழைக்கு முன்னால், முக்கியமாக வங்கக் கடலில் புயல் சின்னம் என்று ரேடியோ சொல்லுகிற நாட்களில், வெளியே விடும். அப்படி விடுகிற காற்று நல்ல காற்று இல்லை.

அது எப்படித் தெரிந்தது என்றால், தோட்டக்காரன் வடிவேலுவின் ஆட்டுக்குட்டியால் தெரிந்தது. ஒரு மழைக்காலத்தில், வானம் இருண்டு கிடந்த மத்தியானம், அவன் என்னிடம் ஓடி வந்தான்.

"சாமி, குட்டி உள்ள பூந்துகினு போச்சி. வந்த பாடில்ல. கூப்ட்டா கத்தக்கூட மாட்டேங்குது."

மூங்கில் கழியின் நுனியில் லாந்தரைக் கட்டி, திருப்பத்தில் நின்றபடி உள்ளே நீட்டச் சொன்னேன். திருப்பத்தைத் தாண்டிக் கீழே இறக்கியதும் விளக்கு அணைந்தது. காற்று ஒன்றும் அடிக்கவில்லை, தானாக அணைந்தது. மறுபடி ஏற்றி நீட்டினோம், மறுபடி அணைந்தது.

"காத்து கெட்டுப்போய் கீது சாமி. மன்சன் போனாலும் இதே கதிதான்" என்றான் வடிவேலு. பிறகு துரட்டியால் குட்டியை இழுத்துப் போட்டான். உடம்பில் ஒரு காயமில்லை, தூங்குகிற மாதிரி இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தர் குட்டியை எடுத்துக்கொண்டார் என்று அதையும் கதையில் சேர்த்துக்கொண்டேன், விளக்கு அணைந்ததை மட்டும் விட்டுவிட்டேன். அன்றைக்குக் கூட்டம் இன்னும் கொஞ்சம் அமைதியாக இருந்தது.

இசக்கிமுத்து போன ஆவணியில் வந்தான். ஊர் திருநெல்வேலிப் பக்கம். தி. நகரில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் சித்தப்பா தனபாலன் வீட்டில் தங்கி, ஒரு காலேஜில் ஜியாலஜி, அதாவது பாறையையும் மண்ணையும் பற்றிய பாடம், சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பொதிகை மலைக் குகைகளில் எல்லாம் சின்ன வயசிலேயே புகுந்து வந்தவன். மரியாதை தெரிந்த பிள்ளை. என் கதையை மூன்று ஞாயிற்றுக்கிழமை முழுசாகக் கேட்டான், நடுவில் ஒரு கேள்வி கேட்கவில்லை. விசாலாக்ஷிக்கு அவனைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. வந்தால் தோசை வார்க்காமல் விடமாட்டாள். எனக்கும் பிடித்திருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாததைச் சொல்ல நான் இங்கே வரவில்லை.

ஒரு நாள் ஆபீஸிலிருந்து திரும்பினேன். விசாலாக்ஷி வாசலிலேயே நின்றாள்.

"ஏன்னா, அந்தப் பிள்ளை குகைக்குள்ள போயிட்டு வந்துடுத்து. நான்தான் போயிட்டு வாடான்னேன். முட்டியெல்லாம் செம்மண்ணு, குழந்தையாட்டம் சிரிச்சுண்டு நிக்கறான்."

அன்றைக்கு நல்ல வெயில். குகை மூச்சு இழுக்கிற நாள். லாந்தரைக் கையில் பிடித்துக்கொண்டு கோடிவரை போயிருக்கிறான், விளக்கு ஒரு தடவைகூடச் சிணுங்கவில்லையாம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தான்.

"சார், தப்பா எடுத்துக்கிடாதீங்க. இது எங்கயும் போகலை. திரும்பினதுக்கு அப்புறம் ஒரு நாப்பதடி இருந்தா அதிகம். கடைசில வெறும் களிமண்ணு. யாரோ கல்லு வெட்ட ஆரம்பிச்சு, களிமண்ணு வந்ததும் விட்டுட்டுப் போயிருக்காங்க."

முட்டுச் சந்து எப்படி மூச்சு விடும் என்று கேட்டேன். நியாயமான கேள்வி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

"மண்ணுக்கே மூச்சு உண்டு சார். பாறை வெடிப்பு வழியா காத்து போகும், வரும். காசியை விட அதுதான் சார் பெரிய அதிசயம்" என்றான். கண் பளபளத்தது. பிறகு, மயிலாப்பூரில் ஒரு ஹாலில் இதைப் பற்றி அவன் பேசப்போவதாகச் சொன்னான். படங்கள் காட்டப்போகிறானாம். என் ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் எல்லாரையும் அழைக்கப்போகிறானாம். அவர்களுக்கு ஆசையாக இருக்குமாம்.

"நீங்கதான் சார் தலைமை தாங்கணும். உங்க குகை இல்லியா."

அவன் கேலி செய்யவில்லை. கேலியாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மாலை போட்டு என்னை மேடையில் உட்கார வைத்து, என் எதிரிலேயே, என் ஆட்களிடமே, நாற்பதடியில் களிமண் என்று சொல்லப்போகிறான். சொல்லிவிட்டு எனக்கு நன்றியும் தெரிவிப்பான். பேஷாகச் செய்யலாமே என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கால் அலம்பினேன்.

கோடியில் இருக்கிற களிமண்ணைப் படம் பிடிக்க அவன் இன்னொரு தடவை உள்ளே போக வேண்டியிருந்தது. எந்த நாள் வரட்டும் என்று கேட்டான். நான் சொல்லி அனுப்புகிறேன் என்றேன்.

நவம்பரில் ஒரு நாள் காலை ஊதுவத்திப் புகை முழுக்க என் முகத்துக்கே வந்தது. ரேடியோவில் புயல் சின்னம் என்றார்கள். ஆபீசுக்கு லீவு சொன்னேன். வடிவேலுவைச் சிந்தாதிரிப்பேட்டைக்கு அனுப்பினேன், அங்கே எங்கள் தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்குக் கிடந்தது. மழை வரும்போல கீது, நாளிக்கிப் போறேன் சாமி என்றான். இன்றைக்கே வேண்டும் என்றேன். அவன் இருந்தால் ஆட்டுக்குட்டி செத்த அன்றைக்கு விளக்கு அணைந்ததைப் பற்றிப் பேசுவான். இசக்கிமுத்துவுக்குப் போன் செய்து, மழை பிடித்தால் குகைக்குள் தண்ணீர் இறங்கிவிடும், தை வரைக்கும் நுழைய முடியாது, இன்றைக்கே வந்துவிடு என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. தண்ணீர் இறங்கத்தான் செய்யும்.

அவன் வருவதற்குள் ஊதுவத்தியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தோளில் கேமராவும் கையில் லாந்தருமாக வந்து நின்றான். விசாலாக்ஷி சாமி கும்பிடாமல் உள்ளே விடமாட்டேன் என்றாள். வாசலுக்கு வெளியே ஒரு கல்லின் மேல் கற்பூரம் ஏற்றினாள். அது கொழுந்துவிட்டு எரிந்தது. வெட்டவெளியில் கற்பூரம் எரியாமல் என்ன செய்யும். ஆனால் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"சுவாமி உத்தரவு குடுத்துட்டார்டா கண்ணா. ஒரு பயமும் இல்லை, தைரியமாப் போ."

அப்போது நான் புது டார்ச் லைட்டை நீட்டினேன். கேமராவையும் லாந்தரையும் எப்படித் தூக்குவாய், புகை வேறு படத்தில் விழும், கற்பூரம் எரிந்ததைத்தான் பார்த்தாயே என்றேன். அவனுக்குத் தெரியும். வெளியே எரிகிற கற்பூரத்துக்கும் உள்ளே இருக்கிற காற்றுக்கும் சம்பந்தமில்லை என்பது அந்தப் பாடம் படித்தவனுக்குத் தெரியாதா. அவன் லாந்தரைப் பார்த்தான். பிறகு விசாலாக்ஷியைப் பார்த்தான். அவள் திருநீற்றை எடுத்து அவன் நெற்றியில் பூசிக்கொண்டிருந்தாள். அவள் ஏற்றிய கற்பூரத்தை நம்பாத மாதிரி ஆகிவிடுமே என்று கூச்சப்பட்டிருக்க வேண்டும். போன தடவை விளக்கு நன்றாக எரிந்த ஞாபகமும் இருந்திருக்கும். லாந்தரை ஓரமாக வைத்துவிட்டு டார்ச்சை வாங்கிக்கொண்டான். இப்படி அவன் செய்வான் என்று எனக்கு முன்பே தோன்றியிருந்தது. மரியாதை தெரிந்த பிள்ளை என்று சொன்னேனே.

இடுப்பில் கயிறு கட்டிவிட்டேன். ஒரு தடவை இழுத்தால் கயிறு விட வேண்டும், இரண்டு தடவை இழுத்தால் வெளியே இழுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். விசாலாக்ஷி காப்பி கலக்கப் போனாள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு இழுப்பு வந்தது, விட்டேன். இன்னொன்று வந்தது, விட்டேன். அதற்குள் அவன் திருப்பத்தைத் தாண்டியிருப்பான். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஆற்றுப் பக்கமிருந்து காற்று எழும்பித் தென்னை மட்டைகள் சலசலத்தன. அதன் பிறகு கயிறு இரண்டு தடவை இழுபட்டது.

நான் கயிறு விட்டேன்.

மறுபடியும் இரண்டு. இந்தத் தடவை பலமில்லை, மீன் தூண்டிலைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. இன்னும் கொஞ்சம் விட்டேன். அவன் நல்ல கனமான பிள்ளை என்றும், நான் ஒருத்தன் இழுத்து முடியாமல் போயிற்று என்றும் உங்களிடம் அன்றைக்குச் சொன்னேன். நான் இழுத்தே பார்க்கவில்லை.

விசாலாக்ஷி இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தாள்.

"இன்னும் வரலையா பிள்ளை?"

"வந்துண்டிருக்கான்" என்றேன்.

அவள் பஜ்ஜிக்கு மாவு கரைக்கப் போய்விட்டாள். நான் என் காப்பியைக் குடித்தேன். அவன் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. வீணாக்குவானேன் என்று அதையும் குடித்தேன். அதற்குப் பிறகுதான் தெருவுக்கு ஓடிக் கத்தினேன். அப்போது எனக்கு நிஜமாகவே கண்ணீர் வந்தது, அதற்கு நடிப்பு தேவைப்படவில்லை.

முகமூடி போட்ட தீயணைப்புக்காரர்கள் அவனைத் தூக்கி வந்தார்கள். அவன் சித்தப்பா தனபாலன் வந்தார். பெரிய மனுஷர், ஆனால் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சாமி, எங்க பிள்ளையைக் காப்பாத்த அம்புட்டு பாடுபட்டீங்களாம். உங்களை மறக்க மாட்டோம்" என்றார். விசாலாக்ஷி அன்றிலிருந்து விளக்கு ஏற்றுவதில்லை. தன் கற்பூரம்தான் அவனைக் கொன்றது என்று நினைக்கிறாள். நான் அவளைத் திருத்தவில்லை. அவளுக்காகத்தான் இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

போன வாரம்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கூட்டம் குறையவில்லை, கூடியது. சித்தர் தன்னைத் தேடி வந்தவனை எடுத்துக்கொண்டார் என்று ஜனங்கள் அவர்களாகவே பேசிக்கொண்டார்கள். அப்போதுதான் அன்றைக்கு அவனைத் தூக்கி வந்த தீயணைப்பு அதிகாரி ஒரு பேப்பர்காரரிடம் போய், குகை திருப்பத்துக்கு அப்பால் நாற்பதடியில் களிமண்ணில் முடிகிறது என்றும், தாமே கையை வைத்துப் பார்த்ததாகவும் சொல்லியிருக்கிறார். இசக்கிமுத்துவும் அந்தக் களிமண்ணில் ஒரு கையை ஊன்றியபடிதான் கிடந்தானாம். காசிக் குகை வெறும் கட்டுக்கதை என்று தலைப்புப் போட்டு அச்சடித்துவிட்டார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

இதைத்தான் நீங்கள் திருத்தச் சொல்ல வேண்டும். உங்கள் மாதிரி ஒரு அதிகாரி சொன்னால் பேப்பர்காரன் கேட்பான். களிமண் வழியை அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அடைத்திருப்பது வேறு, முடிந்துபோவது வேறு.

நீ போய்ப் பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. பிறந்தது முதல் அந்த வீட்டில் இருக்கிறேன், திருப்பத்தைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை. போக வேண்டிய அவசியம் எனக்கு ஏற்படவில்லை. கைவிலங்கு வேண்டாம் என்று நான் கேட்கவில்லை, நீங்கள் தாராளமாகப் போடலாம். நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டீர்கள், கடைசியாக இதையும் எழுதுங்கள். அந்தக் களிமண்ணுக்கு அப்பால் வழி போகிறது. போகாமல் இருந்தால் நான் எதற்காக அந்தப் பிள்ளையைக் கொன்றிருக்கப் போகிறேன்.