பித்தளைக் கறை

– இந்தத் திருகாணியைப் பாருங்க பெரியவரே. தலையெல்லாம் பிஞ்சு கிடக்கு. யாரோ கத்தி முனையால கழட்டியிருக்காங்க.

– யாரோ இல்ல, நான்தான். எழுபத்தெட்டுல. ஆத்துல விழுந்துச்சு. கழட்டித் துடைக்காம வேற என்ன பண்ணச் சொல்ற?

– துப்பாக்கி மட்டுமா விழுந்துச்சு? கூட யாரு விழுந்தான்னும் கொலெட்கிட்ட சொல்லுங்க ரெய்னோ.

– ஹெல்மி, நீ போய் ரொட்டியை அறு. இங்க வியாபாரம் நடக்குது.

– அறுத்தாச்சு. நாலு துண்டு தின்னாச்சு நீங்க. இந்தாம்மா கொலெட், உனக்கு ஓரத் துண்டு. ஏலக்காய் அங்கதான் நல்லா இறங்கியிருக்கும்.

– தட்டுல வைங்க அம்மா. கையில எண்ணெய். நான் நேராச் சொல்லிடறேன் பெரியவரே, குறை சொல்லி விலையைக் குறைக்க நான் வரல.

– குறை சொல்லாம துப்பாக்கி வாங்கினவங்களை இந்த ஏரிக்கரையில நான் பார்த்ததில்ல. உங்கப்பன் லூசியன் என்கிட்ட படகு வாங்க வந்தப்ப மூணு நாள் குறை சொன்னான். நாலாவது நாள் என் சாப்பாட்டையும் சேர்த்துச் சொன்னான்.

– அது அப்பாவுக்குப் பொழுதுபோக்கு. எனக்கு நாளன்னிக்குக் காலையில வேட்டை தொடங்குது. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் மரலாரி ஓட்டணும். என் துப்பாக்கி நீளம். மேல தொலைநோக்கி வேற. சதுப்புல தேவதாரு மரத்துக்குள்ள நுழைஞ்சா கிளையில மாட்டி நிக்குது. நான் விடுவிக்கறதுக்குள்ள மான் சாவகாசமா நடந்து போகுது.

– அதுக்கு இதுதான் சரி. குட்டை. தூக்கினா தோள்ல வந்து உக்காந்துக்கும்.

– லிவரைத் திறந்தே வைங்க. குழலைப் பின்னாலேர்ந்து பார்க்க முடியாது, இரும்பு மறைக்குது. உங்க கட்டைவிரலை உள்ள விடுங்க. நகம் ஜன்னலைப் பார்த்து இருக்கட்டும். நான் வாய்ப்பக்கமா பார்க்கறேன்.

– நகத்துல அழுக்கு.

– வெளிச்சத்தைத் திருப்பினாப் போதும். கொஞ்சம் சாய்ங்க. ம்ம்.

– என்ன ம்ம்?

– குழலுக்குள்ள சுருள் வரியெல்லாம் கூர்மையா இருக்கு. குழி இல்ல. துரு இல்ல. வாயோரமும் தேயல.

– அந்த ஆத்துக்கு அப்புறம் ஒரு நாள் கூட ஈரத்தோட உள்ள வச்சதில்ல. என்னை ஈரத்தோட உள்ள விட்டிருக்கா ஹெல்மி, துப்பாக்கியை விட்டதில்ல.

– கட்டையில இந்த இடத்துல மெருகு போயிருக்கு.

– கன்னம் வைக்கிற இடம். நாப்பத்தாறு வருஷம் வச்ச கன்னம்.

– தொலைநோக்கிக்குத் துளை போடாம விட்டது நல்லதாப் போச்சு.

– கடைக்காரன் கேட்டான், போடட்டுமான்னு. உன் மண்டையில போட்டுக்கன்னேன்.

– சரி பெரியவரே, நேராச் சொல்றேன். இது எண்ணூறு டாலருக்குக் குறையாது. நீங்க நானூறுன்னு எழுதிப் பெட்டிக்கடையில ஒட்டியிருக்கீங்க. எங்க இருக்கு குத்தம்?

– துப்பாக்கியில இல்ல. இங்க, ரெண்டு கண்ணுலயும். துப்பாக்கி எண்ணூறுதான். இதை வச்சுக்கிட்டு மூணு வருஷமா நான் பண்ணின கூத்துக்கு நானூறு கழிச்சுட்டேன்.

– மூணு வருஷமாக் குறி தப்புதா?

– வருஷத்துக்கு ஒண்ணு. போன தடவை மான் முப்பது அடியில நின்னு என்னைப் பார்த்துச்சு. சுட்டேன். அது காதை ஆட்டிட்டு மறுபடி மேய ஆரம்பிச்சிருச்சு. வேட்டை முகாம்ல இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறானுங்க.

– குறி தப்பினா, தப்பினவன் சட்டையோட பின்பக்க வாலை அறுத்துச் சுவத்துல ஆணி அடிக்கிறாங்க, சரி. அது எல்லா முகாம்லயும் உள்ள வழக்கம். அதுக்கு நல்ல கம்பளிச் சட்டையாப் பார்த்துப் போட்டுட்டுப் போகணும்னு யாரு சொன்னா? எழுந்து திரும்புங்க ரெய்னோ. கொலெட் பார்க்கட்டும்.

– அம்மா, இது என்ன, பின்னால பூப்பூவா?

– சமையலறைத் திரைச்சீலை. வாலில்லாத சட்டையோட சர்ச்சுக்குப் போக விட முடியுமா? அதை வச்சுத் தச்சேன்.

– உள்ள போட்டுக்கிட்டா யாருக்கும் தெரியாது.

– குனிஞ்சா தெரியுது. பாதிரியாரே கேட்டாரு.

– என் வாலும் ரெண்டு தொங்குது பெரியவரே, எங்க முகாம்ல. அதுக்காகவா விக்கிறீங்க?

– வாலுக்காக இல்ல. தப்பினா பரவாயில்ல. அரைகுறையாக் குண்டு பட்டு ஓடிப்போய் எங்கயோ கிடந்து சாகும் பாரு, அது கூடாது. கண்ணு தெரியாதவன் சுடக் கூடாது. சரியா? அவ்வளவுதான். உறையும் ஒரு டப்பா தோட்டாவும் கொட்டகையில இருக்கு. எடுத்துட்டு வர்றேன். அதுக்குக் காசு வேண்டாம்.

– தொப்பி போட்டுக்கிட்டுப் போங்க. பனி கொட்டுது.

– பத்தடிதான் ஹெல்மி.

– தொப்பி.

– போட்டாச்சு, போட்டாச்சு.

– அம்மா.

– இன்னொரு துண்டு வைக்கட்டுமா?

– இல்ல. இங்க வாங்க. குழல் மேல, குறி பார்க்கிறதுக்கு நிக்கிற இந்தப் பின்குறியைப் பாருங்க. நடுவுல இருக்கணும். இடது பக்கமா தள்ளியிருக்கு.

– எனக்கென்னம்மா தெரியும் அதெல்லாம்.

– வலது பக்கத்துல மஞ்சளா ஒரு கறை. பித்தளையால தட்டினா இரும்புல இப்படித்தான் ஒட்டும். தட்டினவங்க, எங்க வரைக்கும் தள்ளணும்னு ஊசியால ஒரு கோடு வேற கீறியிருக்காங்க.

– பழைய துப்பாக்கி. யாராவது பண்ணியிருப்பாங்க.

– உங்க அடுப்பு மேல இருக்கிற சின்ன உரல் பித்தளை. அதுல நிக்கிற உலக்கையும் பித்தளை.

– ஏலக்காய் இடிக்கிறது.

– அம்மா.

– சத்தம் போடாதே. நான்தான். மூணு வருஷம் முன்னாடி இவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்க, ரெண்டு. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. சுடறதுல ஒண்ணுமில்ல, செத்த மானைப் பனியில இழுத்துட்டு வர்றாங்களே, அதுலதான் போயிடறாங்கன்னு. பக்கத்து வீட்டு வில்ஹோ அப்படித்தான் போனான். கொம்பைப் பிடிச்ச கை பிடிச்சபடி கிடந்தான்.

– போக வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?

– நவம்பர் மாசம் போக வேண்டாம்னா, அப்புறம் எதுக்கு அந்த நெஞ்சைச் சரி பண்ணினோம்? காட்டுல உக்காரட்டும். முகாம்ல சவுனா நீராவி அறையில வேர்த்து, சீட்டாடி, பொய் பேசட்டும். மான் மட்டும் விழக் கூடாது. வேற ஒருத்தன் இழுத்துக் குடுக்கறேன்னாலும் விட மாட்டாரு. அதான் தட்டினேன்.

– வேட்டைக்கு முன்னாடி தகர டப்பாவைச் சுட்டுப் பார்க்க மாட்டாரா?

– நாப்பது வருஷமா அசையாத குறி. எதுக்குப் பார்க்கப்போறாருன்னு நெனச்சேன். பார்க்கலதான். ஒவ்வொரு வருஷமும் திரும்பி வந்த அன்னிக்கு, அவர் குளிக்கப் போனதும் எடுத்துப் பார்ப்பேன். என் ஊசிக் கோட்டுலயே நிக்கும். அப்பாடான்னு இருக்கும்.

– இடது பக்கமும் நீங்கதான் தட்டினீங்களா?

– இல்லையே. ஒரே பக்கம்தான். ரெண்டு தட்டு.

– இங்க ஒரு தடம் இருக்கு. இது மஞ்சள் இல்ல, சிவப்பு. செம்பு மாதிரி.

– எனக்குத் தெரியாதும்மா அது. ஆத்துல விழுந்தப்ப ஆகியிருக்கும். கொலெட், அவர் கண்ணு போச்சுன்னு நெனச்சுத் துப்பாக்கியையே விப்பாருன்னு நான் கண்டேனா? துப்பாக்கி போனா முகாமும் போச்சு. அந்த ஜன்னல்கிட்ட நாற்காலியைப் போட்டுக்கிட்டுக் குருவிக்குத் தீனி வைப்பாரு. பார்த்திருக்கேன் நான், அப்படி உக்காந்தவங்க ரெண்டு வருஷம் தாண்டறதில்ல.

– நேராச் சொல்றேன் அம்மா. எனக்கு இந்தத் துப்பாக்கி வேணும். பார்த்ததுமே பிடிச்சுப்போச்சு. ஆனா நல்ல கண்ணு உள்ள மனுஷனைக் குருடன்னு நம்ப வச்சு, பாதி விலைக்கு வாங்கிட்டுப் போக என்னால முடியாது. நீங்க சொல்லுங்க. இல்லேன்னா நான் சொல்வேன்.

– சொன்னா நேராக்கிடுவாரு. நேராக்கினா சுடுவாரு. சுட்டா இழுப்பாரு.

– கொட்டகைக் கதவு சாத்தற சத்தம்.

– நான் சொல்றேன். நானே சொல்றேன். நீ ரொட்டியைத் தின்னு.

– உறைக்குள்ள எலி குடும்பம் நடத்தியிருக்கு, ஹெல்மி. தட்டிட்டேன். இந்தா பொண்ணே, தோட்டா, இருபது இருக்கும்.

– ரெய்னோ, நான் ஒண்ணு சொல்லணும்.

– நானும் ஒண்ணு சொல்லணும். அந்நிய ஆள் இருக்கும்போதே சொல்லிட்டா நீ அதிகம் கத்த மாட்டே. நாளைக்கு மத்தியானம் நான் முகாமுக்குப் போறேன்.

– துப்பாக்கி இல்லாமலா?

– சமையல்காரனா. போன வாரமே பேசிட்டேன். ரெண்டு வாரமும் அங்கதான். காலையில அவனுங்களை எழுப்பிக் காட்டுக்கு விரட்டிட்டு, சவுனாவுக்கு விறகு போட்டு, சாப்பாடு பண்ணணும்.

– நீங்களா? முட்டை வேக வச்சுப் பாத்திரத்தை ஓட்டை பண்ணினவர் நீங்க.

– அதையும் பேசியாச்சு. தீஞ்சா சட்டை வாலை அறுப்பானுங்க.

– பழைய சட்டையா எடுத்து வைக்கறேன். நாலு வைக்கறேன்.

– ஆறு வை. நீ என்னவோ சொல்ல வந்தியே?

– நானா? உருளைக்கிழங்கு வெந்ததுக்கு அப்புறம்தான் பாலை ஊத்தணும், முதல்லயே ஊத்திடாதீங்கன்னு சொல்ல வந்தேன்.

– அம்மா!

– ரொட்டி கட்டித் தர்றேன் கொலெட். உங்கப்பாவுக்கும் சேர்த்து. நீ பணத்தைக் குடு. குடும்மா.

– இந்தாங்க பெரியவரே, நானூறு. என் வண்டி வரைக்கும் கொஞ்சம் வாங்க. உறையைப் பிடிக்கணும்.

– அதுக்கு ரெண்டு ஆள் வேணுமா? சரி, வர்றேன்.

– தொப்பி!

– தலையிலதான் இருக்கு ஹெல்மி. கதவைச் சாத்து, குளிர் உள்ள வருது. சரி, வண்டிகிட்ட வந்தாச்சு, சொல்லு பொண்ணே. பத்து நிமிஷமா உன் மூஞ்சி லூசியன் மூஞ்சி மாதிரியே இருக்கு. என்ன குறை?

– துப்பாக்கியை எடுத்துக்கிட்டுப் பணத்தைத் திருப்பிக் குடுங்க.

– ஏன்?

– உங்க கண்ணுல குத்தம் இல்ல. பின்குறி இடது பக்கம் போயிருக்கு. அதை வச்சுச் சுட்டா யாரு சுட்டாலும் தப்பும். யாரு, எப்படின்னு மட்டும் என்னைக் கேட்காதீங்க.

– ஏலக்காய் உலக்கை.

– உங்களுக்குத் தெரியுமா!

– முதல் வருஷமே தெரியும். முகாம்ல தகர டப்பாவை வச்சுச் சுட்டேன். குண்டு பக்கத்து மரத்துல போய் உக்காந்துச்சு. எடுத்துப் பார்த்தா மஞ்சள் கறை. மோந்து பார்த்தேன், வாசனையே அடிச்சுது.

– அப்ப ஏன் நேராக்கல?

– யாரு சொன்னா? பழைய செம்புக் காசு ஒண்ணை வச்சு, மேல கல்லால தட்டி, அன்னிக்கே நேராக்கிட்டேன். அப்புறம் டப்பாவைத் தேடினேன். இருந்த இடம் தெரியுது, டப்பா தெரியல; முதல் குண்டையும் குத்துமதிப்பாத்தான் விட்டிருக்கேன். இருபது அடி முன்னால போனாத்தான் தெரியுது.

– அந்தச் சிவப்புத் தடம்!

– அதையும் பார்த்துட்டியா. உங்கப்பனை விட நீ மோசம்.

– மான் விழுந்திருந்தா இழுத்திருப்பீங்களா?

– எனக்கென்ன பைத்தியமா? ஸ்டென்ட் வச்சது என் நெஞ்சுலதானே. நாலு தடியனுங்க சும்மா சீட்டாடிட்டு இருக்கானுங்க, கூப்பிட்டிருப்பேன். அதெல்லாம் தேவைப்படல. கண்ணு போச்சு, அவ்வளவுதான். நீ நேராத் தட்டிக்கோ. நல்ல துப்பாக்கி. சதுப்புல உனக்கு நல்லா உதவும்.

– ஆனா இப்ப மறுபடி இடது பக்கம்தானே இருக்கு? அம்மா கீறின கோட்டுலயே நிக்குதே, இம்மி பிசகாம.

– ஒவ்வொரு வருஷமும் வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, தடம் விழாம ஒரு மரத்துண்டால அந்தக் கோட்டுக்கே திருப்பித் தட்டி வச்சிருவேன். நான் குளிக்கப் போனதும் எடுத்துப் பார்ப்பா. அன்னிக்குத்தான் அந்த மாசத்துலயே நல்லாத் தூங்குவா. நேரா வச்சுத்தான் மூணு வருஷமும் தப்பினேன்னு அவகிட்ட சொல்லிராத பொண்ணே. என்னைக் காப்பாத்தினது தான்தான்னு நெனச்சுட்டிருக்கா.