கழிவு என்று எழுதினேன்

முகர்ந்து பார்த்துப் பயன் இல்லை, சார். புதிதாக இதைக் கையில் எடுப்பவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரி, நனைந்த கோணிப்பை போலத்தான் நாறும். ஜன்னல் பக்கம் திருப்பிப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாச் சரக்கும் தங்க நிறமாகத்தான் தெரியும்.

கடையில் இதற்குப் பெயர் கீடா ஜடி. இமயமலைப் பக்கம் மண்ணுக்குள் வாழும் ஒரு புழு. காளான் ஒன்று அதற்குள் புகுந்து, உள்ளே இருப்பதை எல்லாம் தின்று தீர்த்துவிட்டு, கடைசியில் தலை வழியாகக் குச்சி போல வெளியே வரும். புழுவின் தோல் மட்டும் அப்படியே நிற்கும். கண், கால், மடிப்பு எல்லாம் இருக்கும். புழுதான் இருக்காது. அதைக் காயவைத்து மருந்து என்று விற்கிறார்கள். பலன் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் மதிப்பு மட்டும் சொல்பவள்.

என் பெயர் வேதநாயகி. வயது ஐம்பத்தொன்று. ஓசூரில் பத்தாவது வரை தமிழில் படித்தேன். கல்யாணமாகி பெங்களூர் ஜோகுபாளையத்துக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. தொம்மலூரில் ஸ்ரீஹர்ஷா சாரின் உலர்காளான் கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை. பொட்டலம் கட்டத்தான் சேர்ந்தேன். கண் பழகப் பழக, தரம் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது.

என் வாக்குமூலத்தை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், மெதுவாகவே சொல்கிறேன். நான் தமிழில் சொல்வதைக் கன்னடத்தில் எழுதுவது சுலபமான வேலை இல்லை என்று தெரியும், தினேஷ் சார்.

எங்கள் கடையில் வாங்கவும் வருவார்கள், விற்கவும் வருவார்கள். விற்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ரகம். வீட்டில் நோயாளிக்காக வாங்கியிருப்பார்கள். நோயாளி போய்விடுவார், பொட்டலம் மீந்துவிடும். அதைத் தூக்கி எறிய மனம் வராது. வீட்டில் வைத்துக்கொள்ளவும் மனம் வராது. ஸ்ரீஹர்ஷா சார் அதை என் முன்னால் வைத்து, எடுப்பதா வேண்டாமா என்று பார்த்துச் சொல்லும்படி கன்னடம் கலந்த தமிழில் கேட்பார்.

"வேதாம்மா, ஸ்வல்ப நோடி ஹேளி. மூணு வருஷமா பீரோல இருந்துதாம். எடுத்துக்கலாமா, பேடவா?"

நான் ஜன்னலுக்குக் கொண்டுபோவேன். உடம்பு மஞ்சளா, கறுத்துவிட்டதா. நடுவில் நாலு ஜோடிக் கால் எடுப்பாகத் தெரிகிறதா. தலைக்குச்சி உடம்பைவிட நீண்டிருந்தால் சத்து எல்லாம் மேலே போய்விட்டது, விலை குறையும். வளைத்தால் பட்டென்று முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் ஏறியிருக்கிறது. பூச்சி ஓட்டை இருந்தால் பாதி. இரண்டாக உடைந்திருந்தால் அதற்கும் கீழே. யார் இறந்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை. மீந்திருக்கும் அளவைப் பார்த்தாலே எவ்வளவு சீக்கிரம் என்று தெரிந்துவிடும்.

பார்த்த பிறகு பொட்டலத்தின் மேல் பென்சிலால் ஒரு சொல் எழுதுவேன். முதல். நடு. கழிவு. கழிவு என்றால் விற்கக் கூடாதது, எறிய வேண்டியது. ஸ்ரீஹர்ஷா சாருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் பன்னிரண்டு வருடம் பார்த்ததில் அந்த மூன்று சொல்லின் உருவமும் அவருக்குப் பழகிவிட்டது. மூன்றாவதைக் கண்டால் தொடவே மாட்டார்.

"இது கஸ தானே வேதாம்மா? குப்பைலே போட்டுடுங்க."

சில வருடம் அப்படியே போட்டேன். அப்புறம் என் வீட்டுக்காரருக்கு ஈரல் கெட்டது. எத்திராஜ் என்று பெயர், லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். என் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிய முதல் தரம் அவருக்குக் கொடுத்தேன். சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றில்கூட ஓட்டை கிடையாது, எல்லாம் ஒரே நீளம். எட்டு மாதம் குடித்தார். ஒன்பதாவது மாதம் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. முழுசுக்கும் உடைசலுக்கும் உள்ள வித்தியாசம் வாங்குபவர் மனதில்தான் இருக்கிறது. முழுசு கொடுத்தாலும் போகிறார்கள். அப்படியிருக்க உடைசலை ஏன் குப்பையில் போட வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

கழிவுகளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். உடம்பையும் தலைக்குச்சியையும் சேர்க்க முதலில் பசை வைத்துப் பார்த்தேன், வெந்நீர் பட்டதும் விட்டுவிட்டது. எஸ்.பி. ரோட்டில் ரேடியோ ரிப்பேருக்கு விற்கும் சாலிடர் கம்பி கிடைக்கிறது, நூல் மாதிரி மெல்லியது. நகத்தால் அழுத்தினாலே வளையும். உள்ளே செருகினால் வெளியே தெரியாது, தண்ணீரிலும் விடாது. எடையும் கொஞ்சம் கூடியது. அது நான் நினைத்துச் செய்தது இல்லை. கூடியதை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தக் கம்பியில் ஈயம் இருப்பது தெரியுமா என்று நேற்று கேட்டீர்கள். சுற்றின் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது, சார். நான் படிக்கத் தெரிந்தவள்.

தீபிகா போன வருடம் ஆனி கடைசியில் வந்தாள். சிவகாசிப் பெண், கடைக்கு நாலு தெரு தள்ளி ஒரு கம்பெனியில் வேலை. கணவன் ஹரிஷுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். அவனுடைய அம்மா தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கப் போகிறார், பொருத்தம் பார்த்தாகிவிட்டது, கார்த்திகையில் ஆபரேஷன். அதுவரை உடம்பு தாங்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். முதல் தரத்தின் விலையைக் கேட்டதும் பர்ஸை மூடிவிட்டாள். மூடிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். என்னிடம் தனியாகக் கொஞ்சம் இருக்கிறது, குறைத்துத் தருகிறேன் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் பொட்டலத்தைக் கொடுத்தபோது அதன் மேல் இருந்ததைப் படித்தாள்.

"கழிவுன்னு போட்டிருக்கீகளேக்கா. எங்க ஊர்ல ஆடி பொறந்தா ஜவுளிக்கடைக்குக் கடை இப்படித்தான் போர்டு வைப்பாக. எம்புட்டுக்கா கழிவு?"

"பாதி" என்றேன்.

அவள் படித்தது தப்பில்லை. தள்ளுபடிக்கும் அந்தச் சொல்தான், தள்ள வேண்டியதற்கும் அந்தச் சொல்தான். நான் எழுதியது உண்மை. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் உண்மையைத்தான் எழுதினேன். இதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ராத்திரி வெந்நீரில் ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை மட்டும் குடிக்கச் சொன்னேன். ஊறிய காளானைக் குப்பையில் போட்டால் பலன் போய்விடும், துணியில் முடிந்து என்னிடம் கொடுத்துவிடு என்றும் சொன்னேன். வாரா வாரம் கொடுத்தாள். வெயிலில் காயவைத்தால் கொஞ்சம் கறுக்கும், மஞ்சள் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் போதும். பார்த்ததும் என் கை வேலை எனக்குத் தெரியும். சில உருப்படிகள் மூன்று வீட்டுக்குப் போய் வந்திருக்கின்றன.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் தீபிகா கடை வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"அக்கா, ரத்தத்துல ஈயம் கூடுதலா இருக்காம். அது எறங்குற வரைக்கும் ஆபரேஷன் இல்லைங்காக. வீட்டுல பெயின்ட்டா, பைப்பா, வேற எதும் சாப்பிடுதாரான்னு கேட்டாக. நான் இதைச் சொல்லலை, சொன்னா ஏசுவாக. இதுல அப்படி ஒண்ணும் இருக்காதுல்ல?"

அவள் முகத்தைப் பார்த்தேன். இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். சொல்லியிருந்தால் அவள் நிறுத்தியிருப்பாள், ஈயம் இறங்கியிருக்கும், மாமியாரின் சிறுநீரகம் காத்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் இப்போது நீங்கள் சொல்லித் தெரிந்துகொண்டது இல்லை. அந்த வாசலில் நிற்கும்போதே எனக்குத் தெரியும்.

"பழைய வீடு இல்லையாம்மா. பைப்பைப் பாரு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பிளம்பரை வரவழைத்துச் சமையலறைப் பைப்பை எல்லாம் மாற்றினாள். குடிக்கத் தண்ணீர் கேன் போட்டாள். ஊறப்போடவும் கேன் தண்ணீர்தான் என்று போனில் சொன்னாள். இனிமேல் சுத்தமாக இருக்கும் என்றாள். ஆமாம் என்றேன். இருபத்திரண்டாவது நாள் ஹரிஷுக்கு வலிப்பு வந்தது. இரண்டு நாள் கண் திறக்கவில்லை. அப்புறம் திறக்கவே இல்லை. வயது முப்பத்தொன்று.

எப்படியும் போகிறவர்கள்தானே என்று நான் சொல்லிக்கொண்டதுண்டு. மற்றவர்கள் விஷயத்தில் அது ஓரளவு பொருந்தியது. ஹரிஷுக்கு ஆபரேஷன் தேதி குறித்திருந்தார்கள். அதனால் அவனுக்குப் பொருந்தவில்லை.

தையில் தீபிகா கடைக்கு வந்தாள். என்னைத் தேடி இல்லை. பெங்களூரைக் காலி செய்துகொண்டு சிவகாசிக்குப் போகிறாள், சாமான்களை விற்கிறாள், அதோடு இதையும். நேராக ஸ்ரீஹர்ஷா சாரிடம் பொட்டலத்தை நீட்டினாள். அவர் வழக்கம் போல என் முன்னால் வைத்தார்.

"வேதாம்மா, நோடி ஹேளி."

நான் ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஒவ்வொன்றாகத்தான் பார்த்தேன். கால், கண், தலைக்குச்சி, கழுத்துக்குக் கீழே மெல்லிய கோடு. பன்னிரண்டு வருடத்தில் நான் தப்பாக மதிப்புச் சொன்னது கிடையாது. முதலாளி கேட்டார், சொன்னேன்.

"ஒட்டுச் சரக்கு சார். மதிப்பு இல்லை."

ஸ்ரீஹர்ஷா சார் பொட்டலத்தைத் திருப்பினார். பென்சில் எழுத்தைப் பார்த்தார். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது, ஆனால் அடையாளம் தெரியும்.

"இது உங்க கையெழுத்து தானே? நம்ம கஸ இது. எறியச் சொன்னது. இவங்க கைக்கு ஹேகே, எப்படிப் போச்சு?"

"கஸன்னா?" என்று தீபிகா கேட்டாள்.

"குப்பைம்மா" என்றார் அவர்.

அவள் பொட்டலத்தைக் கையில் வாங்கினாள். அந்தச் சொல்லை மறுபடி ஒரு முறை படித்தாள், உதடு அசைந்தது. அப்புறம் ஒன்றை எடுத்து முறிக்கப் பார்த்தாள். முறியவில்லை, வளைந்தது. தோல் கிழிந்து உள்ளே கம்பி பளிச்சென்று தெரிந்தது. பழைய வீடு, பைப்பு என்று தனக்குத்தானே இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டாள். நான் அவளுக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

அந்தப் பொட்டலத்தில் மீந்த பதினோரு உருப்படியும் உங்கள் மேஜை மேல் இருக்கின்றன. மொத்தம் ஒன்பது பேருக்குக் கொடுத்தேன். ஆறு பேர் இப்போது இல்லை. மீதி மூன்று பேரின் விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டேன், அவர்கள் வீட்டில் ஊறப்போட்டது இன்றைக்கும் இருக்கும். சீக்கிரம் ஆள் அனுப்பினால் நல்லது.

கழிவு என்பதற்குக் கன்னடத்தில் என்ன எழுதுவது, ரியாயிதியா கஸவா என்று கேட்கிறீர்கள். தள்ளுபடியா, குப்பையா. இரண்டையும் எழுத இடம் இல்லை என்கிறீர்கள். கஸ என்றே எழுதுங்கள். நான் எழுதியது அதுதான். யாரையும் நான் ஏமாற்றவில்லை என்பதற்கு அந்த ஒரு சொல் போதும். எல்லோருக்கும் படிக்கத் தெரிந்த மொழியில்தான் எழுதினேன்.

ஆமாம், ஒன்பது பேரும் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள்தான். சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். கன்னடக்காரர்களுக்குக் கொடுத்ததில்லை. இங்கேயே பிறந்த தமிழர்களுக்கும் கொடுத்ததில்லை. நன்றாகப் பேசுவார்கள், எழுத்து தெரியாது. தெரிந்தவர்கள் தாங்களே படித்துத் தள்ளுபடி என்று எடுத்துக்கொள்வார்கள்.

படிக்கத் தெரியாதவர்கள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவிடுவார்கள், சார்.