யானை மிதித்த மருமகள்

இதை எழுதாமலே விட்டிருப்பேன், சோம்பேறித்தனம்தான். ஆனால் உக்குவளையிலிருந்து மாத்தளைக்கு வந்த பஸ்ஸில், முன்சீட்டில் இருந்த ஒரு பெண் "எங்க மாமியார் என்னைக் கொன்னுட்டாங்க" என்றாள். பக்கத்திலிருந்த அக்கா கடலை கொறிப்பதை நிறுத்தினார்.

"என்னடி சொல்ற?"

"வாசிகசாலையில எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்கிறாங்கல்ல, அங்க எல்லாரும் சேந்து கதை கட்டுறோம். ஆளுக்கொரு வரி. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மாத்தக்கூடாது. நான் 'லக்கலயில ஒரு மருமக ராணி மாதிரி இருந்தா'ன்னு ஆரம்பிச்சேன். அடுத்தது எங்க மாமியார், அவங்களும் அங்கதான் படிக்கிறாங்க. 'அவளை யானை மிதிச்சிருச்சு'ன்னுட்டாங்க."

"அடக் கடவுளே! டீச்சர் ஒண்ணும் சொல்லலயா?"

"'அம்மாவுக்கு நல்லா தைரியம் வந்திருச்சு'ன்னு எல்லாரையும் கை தட்டச் சொன்னாங்க. நானும் தட்டுனேன்."

"ஞாயித்துக்கிழமை வாசிகசாலை விழாவுல அதை யாரு வாசிக்கிறது?"

"நான்தான். மொத தடவையா மைக்ல. புள்ளைங்கல்லாம் வர்றாங்க."

"வேற யாரையாச்சும் வாசிக்கச் சொல்லேன்."

"போங்கக்கா. இம்புட்டு நாளும் கைநாட்டு வச்சவ நான். கதையில சாகுறது நானா இருந்தாலும் நானேதான் வாசிப்பேன்."

இறங்கியதும் எனக்காகக் காத்திருந்த நண்பனிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"எங்கம்மாகிட்ட இந்த வகுப்பைப் பத்தி மூச்சு விட்றாத மச்சான், எம் பொண்டாட்டி பாவம்."