சாம்பல் கிளி சொன்ன ஐந்து வாக்கியங்கள்

கிளி என்றால் வாழைப்பழம்தான் தின்னும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எங்கள் மிளகா வாழைப்பழத்தை ஏறெடுத்தும் பார்க்காது. மாதுளை முத்து என்றால் உயிரை விடும். உங்கள் பிராணிகள் காப்பகத்தில் கொடுத்த தாளில் இது இல்லை, நானாகக் கண்டுபிடித்தேன். அடுத்து யாருக்காவது சாம்பல் கிளி கொடுத்தால் அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உட்காருங்கள். கிளி அந்தக் குழந்தை குரலில் பேசிய ஐந்து வாக்கியங்களையும் என்னிடம் எழுதி வாங்கிப் போகத்தான் பேப்பரும் பேனாவுமாக வந்திருக்கிறீர்கள், தெரியும். என் வீட்டுக்காரர் உங்களிடம் வந்து என்ன சொல்லியிருப்பார் என்பதும் ஏறக்குறையத் தெரியும். அவர் பொய் பேசுகிறவர் இல்லை. ஆனால் லிஃப்ட் மெக்கானிக். எது நின்றுபோனாலும் எந்தப் பாகம் போச்சு என்றுதான் தேடுவார். அதனால் நானே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நான் காது பரிசோதனை செய்கிறவள். இருபத்தெட்டு வருடமாக அதே வேலை. சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்புவேன். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். வயதானவர்கள் சிலர் கேட்காமலேயே தூக்குவார்கள், பாவம், என் முகம் வாடக் கூடாதாம். நான் யாரையும் கடிந்து பேசியதில்லை. "பரவால்ல, இன்னொரு தடவை பாப்போம்" என்பேன். பொறுமைக்கு எங்கள் கிளினிக்கில் என்னைத்தான் காட்டுவார்கள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். மூன்று தடவை உண்டாகி, மூன்று தடவையும் தங்கவில்லை. நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியே பல வருடமாகிறது. வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டு இருக்கிறோமே, ஆதரவில்லாத ஜீவன் ஏதாவது எடுத்து வளர்க்கலாம் என்று சொன்னது அவர்தான். உங்களிடம் வந்தோம். நாய்களெல்லாம் குதித்தன. மூலையில் இது மட்டும் நெஞ்சு இறகையெல்லாம் தானே பிய்த்துப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. வந்து மூன்று மாதமாகிறது, ஒரு வார்த்தை பேசவில்லை என்றீர்கள். பழைய வீட்டார் வீடு மாறுகிறார்கள், அதனால் விட்டுவிட்டார்கள் என்று தாளில் இருந்தது.

"இதை வளக்கணுமா வறுக்கணுமா?" என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் கூண்டைத் தூக்கிக்கொண்டு முதலில் நடந்தவரும் அவர்தான். வால் மட்டும் சிவப்பாக இருந்ததால் மிளகா என்று பேர் வைத்தார்.

நான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. சும்மா இருக்கிற கிளிதான் தன்னைத்தானே பிய்த்துக்கொள்ளும் என்று நீங்கள் சொன்னீர்கள். அதனால் சும்மாவே விடவில்லை. அட்டைக் குழாய்க்குள் விதையை ஒளித்து வைத்தேன். கடித்துத் துப்ப மென்மையான மரத்துண்டு, ஊஞ்சல், தினமும் காலையில் பூத்தூறல் மாதிரி தண்ணீர் தெளிப்பு, தெரு தெரிகிற ஜன்னல். நான் வேலைக்குப் போனால் ரேடியோ பேசிக்கொண்டிருக்கும். அதற்குப் பயம் என்று ஒன்றே ஒன்றுதான், என் வீட்டுக்காரரின் மஞ்சள் ஹெல்மெட். அதைப் பார்த்தால் கூண்டின் பின்பக்கம் ஒண்டிக்கொண்டு மணிக்கணக்கில் மூச்சுக் காட்டாது. அவர் ஹெல்மெட்டை வாசலுக்கு வெளியிலேயே கழற்றி வைத்துவிட்டு வரப் பழகிக்கொண்டார்.

நான்காவது மாதம் இறகு முளைத்தது. ஐந்தாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண், "அம்மா, இங்க பாரேன்" என்றாள்.

நான் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னாலேயே "என்னம்மா? அம்மா இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. உடனே கிளி சிரித்தது. ஆறு ஏழு வயதுப் பிள்ளையின் சிரிப்பு, முன்பல் விழுந்த இடுக்கில் காற்றுக் கசிகிற சிரிப்பு. என் தொழிலில் இதெல்லாம் தெரிந்துவிடும். மடித்த துணியையெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை, அதை மறைத்துப் பிரயோசனமில்லை.

மொத்தம் ஐந்து வாக்கியம். ஒரு சிரிப்பு, ஒரு இருமல். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். சாயங்காலம் கிளினிக்கில் ஐந்து நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஓடிவந்தேன். "என்ன, வீட்டுல கைப்பிள்ளையா?" என்று டாக்டர் கிண்டல் செய்தார். நான் சிரித்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர்தான் முதலில் சொன்னார். "இது யாரோ பெத்த பிள்ளையோட குரல்மா. அந்தப் பிள்ளை எங்க இருக்கோ என்னவோ. காப்பகத்துல ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

"கேக்கறேங்க" என்றேன். கேட்கவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. அவரை மட்டும் யோக்கியர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருநாள் காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே கூண்டைப் பார்த்து, "அப்பா வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சமையலறையில் இருந்தேன், கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பிறகு கீழ்வீட்டுத் தொலைபேசியில் நீங்கள் கூப்பிட்டீர்கள். கிளி வளர்ந்த வீட்டுக் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது, தாய் அதிர்ச்சியில் பல மாதம் மருத்துவமனையில் கிடந்தாள், அந்த நேரத்தில் வீட்டில் கிளி மகள் குரலில் பேசப் பேசத் தகப்பனால் தாங்க முடியாமல் உங்களிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறார் என்றீர்கள். தாய் இப்போது தேடி வந்திருக்கிறாள், கிளியைத் திருப்பிக் கேட்கவில்லை, குரலை ஒரு தடவை கேட்டால் போதும் என்கிறாள், வரட்டுமா என்று கேட்டீர்கள். நான் கிளி பேசுவதே இல்லை என்றேன். பரவாயில்லை, பார்த்துவிட்டாவது வரட்டும் என்றீர்கள். வேண்டாம் என்று சொன்னால் என்னை என்ன நினைப்பீர்கள்? வரச் சொன்னேன்.

வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும், முடி மட்டும் காதோரம் வெளுத்திருந்தது. யாரிடமோ இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டர், உறை பிரிக்காத கேசட். உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். கிளி அவளைப் பார்த்ததும் கம்பியோரம் வந்து தலையைக் குனிந்தது. அவள் விரலை விட்டுச் சொறிந்துகொடுத்தாள்.

"பெரியப்பா, எப்படி இருக்கீங்க பெரியப்பா?" என்றாள். நான் முழித்ததைப் பார்த்துச் சிரித்தாள். "பாப்பா வச்ச பேருக்கா. சாம்பல் கோட்டு போட்டுக்கிட்டு எல்லாரையும் முறைக்குது, அப்படியே நம்ம பெரியப்பான்னு சொல்லுவா."

அதற்குள் கிளி எதிரே அலமாரிக்கு மேலே இருந்த மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டது. பின்பக்கம் போய் ஒண்டிக்கொண்டது.

ஹெல்மெட் பழசு, பரணில் கிடந்தது. காலையில் நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி இறக்கி வைத்தேன். அவள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கேசட்டின் ஒரு பக்கம் ஓடி முடிந்து, திருப்பிப் போட்டு, அடுத்த பக்கமும் முடிந்தது. அதில் எங்கள் ஃபிரிட்ஜ் சத்தமும் அவள் கெஞ்சினதும்தான் இருக்கும். "ஒரே ஒரு தடவை பெரியப்பா. என்னைத் திட்டுற மாதிரி பேசுவாளே, அதுவாச்சும் பேசுங்க." கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, முகம் இருக்கு. போட்டோ இருக்கு. குரல் மட்டும் போயிட்டே இருக்குக்கா. தினமும் எந்திரிச்சதும் தேடிப் பாப்பேன். நேத்து இருந்த அளவு இன்னிக்கு இல்ல."

எனக்கு அது புதிதில்லை. துணையை இழந்து தனியாக என் அறைக்கு வருகிறவர்கள் எத்தனையோ பேர் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன், தோளைத் தடவிக்கொடுத்தேன். அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று, நல்ல பெண். போகும்போது டேப் ரெக்கார்டரை விட்டுவிட்டுப் போனாள். "எப்பவாச்சும் பேசுச்சுன்னா இந்தச் சிவப்பை அமுக்குங்கக்கா. அது போதும்."

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து அலமாரியைப் பார்த்தார். "இதைப் பரண்லேருந்து யாரு இறக்குனது?"

"நான்தான். தூசி தட்டலாம்னு."

அவர் ஹெல்மெட்டின் மேல் விரலை வைத்துத் தேய்த்து, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் அப்பியிருந்தது அத்தனையும் தூசி. பிறகு போய்க் கை கழுவினார்.

மறுநாள் கிளி புதிதாக ஒன்று பேசியது. "தங்கம், என்னடி பண்ற?" அது அந்தத் தாயின் குரல், அழுது அழுது கட்டிப்போவதற்கு முந்தைய குரல். கேள்வி முடிந்ததும் கிளியே பதிலும் சொன்னது. "அம்மா, இங்க பாரேன்."

இத்தனை நாள் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் அது. கேட்டது வேறு ஒருத்தி, பதில் போனதும் அவளுக்குத்தான். நான் நடுவில் நின்று கேனச்சி மாதிரி இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு செய்தது எல்லாம் யோசித்துச் செய்ததுதான். கிளி அவள் குரலில் பேசினால் கூண்டின் மேல் கறுப்புத் துணியைப் போட்டு ஐந்து நிமிடம் மூடினேன். குழந்தை குரலில் பேசினால் மாதுளை முத்து. அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. மூன்று வாரத்தில் அவள் குரல் நின்றது. அன்று எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. அம்மா என்றால் இனி இந்த வீட்டில் ஒருத்திதான்.

ஆனால் கூப்பிட ஆளிருந்தால்தானே பதில் வரும். அதை நான் யோசிக்கவில்லை. குழந்தையும் குறைந்துகொண்டே வந்தாள். தினம் பத்துத் தடவை பேசியவள் இரண்டு தடவை, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். நான் லீவு போட்டுவிட்டுக் கூண்டின் முன் உட்கார்ந்து, அந்தத் தாயை மாதிரியே குரலை மாற்றி, "தங்கம், என்னடி பண்ற?" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். கிளி தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. கடைசியாக ஒரு செவ்வாய்க்கிழமை பாதிச் சிரிப்பு வந்தது. மீதிப் பாதி வரவில்லை. அதோடு சரி.

டேப் ரெக்கார்டர் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. சிவப்பை அமுக்க வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் தோன்றியது, அந்தச் செவ்வாய்க்கிழமையும் தோன்றியது. பெட்டிக்குள் போய்விட்டால் அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் அமுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் டேப் ரெக்கார்டரை வாங்கிப்போக வந்தாள். இரவல் கொடுத்தவர் கேட்கிறாராம். இந்தத் தடவை அலமாரிமேல் எதுவும் இல்லை, தேவைப்படவில்லை. கிளி அவளைப் பார்த்ததும் ஊஞ்சலிலிருந்து இறங்கி வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பளிச்சென்று பேசியது.

"என்னம்மா? அம்மா இங்கதான் இருக்கேன்."

என் குரலில். இரண்டு தடவை.

அவள் கிளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவ உங்களைக் கூப்பிட்டாளாக்கா?"

என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் நின்றிருந்தார். "சொல்லிடு" என்றார்.

"ஆமா" என்றேன்.

"இப்ப?"

"இப்ப இல்ல. போயிடுச்சு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள், வாய்க்கு வந்தபடி ஏசுவாள், முடியைப் பிடித்து இழுப்பாள் என்று காத்திருந்தேன். என் கால் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "சரிக்கா. குரல் வேணாம். என்னென்ன சொன்னா, அதையாவது சொல்லுங்க. நான் மனசுக்குள்ள அவ சொல்ற மாதிரி சொல்லிப் பாத்துக்கறேன்."

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

அன்றைக்கே என் வீட்டுக்காரர் பையை எடுத்துக்கொண்டு அவருடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் உங்களிடம் வந்திருக்கிறார்.

ஞாபகம் இல்லை என்பது பொய். எந்த வார்த்தையில் மூச்சு வாங்கினாள், எங்கே இழுத்தாள், எல்லாம் காதிலேயே இருக்கிறது. ஹெல்மெட்டை வைத்தது நான், துணியைப் போட்டது நான், சிவப்பை அமுக்காதது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கிளியையும் எடுத்துக்கொண்டு போங்கள், தடுக்க மாட்டேன். பேச்சுவாக்கில் "அம்மா, இங்க பாரேன்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன், அதை அவளிடம் கொடுங்கள். அது அவளைப் பார்த்துச் சொன்னதுதான், நியாயமாக அவளுக்குச் சேர வேண்டியது.

மற்ற நான்கும் அப்படி இல்லை. பிள்ளையைக் கூப்பிட அவள் குரல் இல்லாதபோது தானாக வந்தவை அவை. வந்தபோது இந்த வீட்டில் நான் இருந்தேன், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து என்னம்மா என்று கேட்டேன். நீங்களும் ஒரு பெண், யோசித்துப் பாருங்கள். என் மகள் என்னிடம் சொன்னதை நான் எப்படி வெளியாளிடம் சொல்ல முடியும்?