கல்லறைத் திருநாள் சீட்டில் லூர்துராணியின் பெயர்

என் பெயர் அற்புதம்மாள், வயது 54, க/பெ லேட் தைரியராஜ், திருச்சி பாலக்கரையில் குடியிருக்கிறேன். ஐந்தாவது வரை கிராமத்தில் படித்தவள். என் தம்பி ஸ்தனிஸ்லாஸ், தன் மகள் லூர்துராணியை (வயது 16) நான் கடத்தி வைத்திருப்பதாகக் கொடுத்த புகாரைப் படித்துக் காட்டினார்கள். விசாரித்ததில் சொல்வதாவது:

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் பூசைக்கு எங்கள் கோவிலில் வீட்டுக்கு வீடு இறந்தவர்கள் பெயரைச் சீட்டில் எழுதித் தருவார்கள். அவற்றை வாங்கிச் சேர்ப்பவள் நான். 29.10.78 ஞாயிறு காலை லூர்துராணி தம்பி வீட்டுச் சீட்டைக் கொண்டுவந்தாள். என் அப்பா, அம்மா, இறந்துபோன அவள் தாய் இருதயமேரி ஆகியோர் பெயர்களுக்குக் கீழே அவள் பெயரும் இருந்தது. எழுதியவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று நினைத்து, "ஏண்டி, இப்பவே ஒனக்கும் சேத்து பூசையா?" என்று சிரித்தேன். "இருக்கட்டும் அத்தை, எம் பேர அடிச்சிராதீங்க" என்றாள்.

அதன் பிறகு அவளை உள்ளே கூட்டிப்போய், கதவைச் சாத்தி, "செத்துப் போகணும்னு இருக்கா?" என்று கேட்டதில் ஆமாம் என்றாள். காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு தினமும் அப்படித் தோன்றுவதாகச் சொன்னாள். பாவம், நரகம் என்று வாய்வரை வந்தும் நான் சொல்லவில்லை. நான் ஓயாமல் பேசுகிறவள். அன்று மதியம்வரை அவள்தான் பேசினாள்.

அதன் பிறகு தம்பியிடம் சொன்னதில், "மார்க்கு வாங்கத் துப்பில்ல, நடிக்கிறா. நீயும் தாளம் போடுறியாக்கும்" என்றான். ஆகையால் அவனுக்குத் தெரிவிக்காமல் திங்கள் காலை அவளைப் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் கூட்டிச்சென்று, என் சிநேகிதி நர்ஸ் ரெங்கம்மாள் வீட்டில் தங்கவைத்தேன். அன்றே புத்தூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். தனியே விடாதீர்கள், திட்டாதீர்கள், வாராவாரம் கூட்டிவாருங்கள் என்றார். அதன் பிறகு நானும் ரெங்கம்மாளும் மாறி மாறிக் கூடவே இருந்தோம். நேற்று அவளாகக் கேட்டு மூன்று தோசை சாப்பிட்டாள்.

தற்கொலை முயற்சியும் குற்றம், பெண் ஏதும் செய்துகொள்ள முயன்றாளா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். இல்லை. "நெனச்சதுக்கெல்லாம் கேஸ் உண்டாங்கய்யா?" என்று நான் கேட்டேன்.

அந்தச் சீட்டை ஒப்படைக்கச் சொன்னார்கள். நாளை பூசை. மற்ற வீட்டுச் சீட்டுகளைச் சாமியாரிடம் கொடுத்துவிட்டேன். இது மட்டும் என் ஜெபமாலைப் பையில் இருக்கிறது. "ஒனக்காத் தோணுறப்ப ஒம் பேர நீயே அடி, அதுவரைக்கும் அத்தை வச்சிருக்கேன்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். இன்று காலைவரை அவள் அடிக்கவில்லை. ஆகவே தர இயலாது, நகல் எடுத்துக்கொள்ளலாம். அவள் வெளியே பெஞ்சில் ரெங்கம்மாளுடன் உட்கார்ந்திருக்கிறாள். என்னுடனேயே அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

படிக்கக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) தை. அற்புதம்மாள்
1.11.78