முதுகுல மூணு புள்ளி

மாஸ்டர் தமிழ்மாறன், நீங்க, ராஜாராமன் சாரு, மேலூர் விக்ரம் தம்பி, கம்ப்யூட்டர் வேலை பாக்குற குருபிரசாத்து, அப்புறம் நானு. அம்புட்டுதாம்மா அன்னைக்கு இருந்தது. கொட்டகை வாசல்ல படுத்துக் கெடந்த சொறி நாயையும் சேத்தா ஏழு. பத்துப் பேருன்னா நெனச்சீங்க? இல்லம்மா. சொல்லிக் குடுக்க ஒருத்தரு, கத்தி செய்ய அஞ்சு பேரு. எண்ணிக்கையில நான் தப்ப மாட்டேன்.

தண்ணியே போதும், காபி வேணாம். கொய்யாப்பழமா? இருக்கட்டும், பொறவு அறுப்போம். மொதல்ல வந்த விசயத்தச் சொல்லிப்புடுறேன். எனக்கு லேசுல வாய் தெறக்காது. உங்க தெருமுனை டீக்கடையில எம்புட்டு நேரம் நின்னேன்னு அந்தக் கடைக்காரனக் கேளுங்க.

நல்லகாமன். ஆமா, அந்த ஓரமா நின்ன பெரியவருதான். கல்யாண மண்டபத்துல பாத்திரம் எண்ணிக் குடுத்து, விசேசம் முடிஞ்சதும் எண்ணி வாங்கி வைக்கிற வேலை எனக்கு. ஒரு கரண்டி கொறஞ்சாலும் என் தலைதான் உருளும். வேலைய விட்டு நின்னதும் என் மக, வீட்டுல ஒக்காந்து அம்மா டப்பாவையெல்லாம் எண்ணாதீங்கப்பா, எதையாச்சும் பழகுங்கன்னுட்டு, போன்லயே பேரக் குடுத்துட்டா. கப்பலூர்ல ஞாயித்துக்கெழம கத்தி செய்யச் சொல்லித் தாராங்கன்னு.

போய்ப் பாத்தா அந்தக் கண்றாவிய என்னன்னு சொல்ல. இரும்படிக்கிற எடத்துல பாட்டு. மாஸ்டர் மேல சென்ட்டு. இரும்புப் பட்டைய உலையில வச்சுட்டு ஆளாளுக்குப் போனத் தூக்குறாங்க. உங்களச் சொல்லல. சரி, உங்களையுந்தான் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. சுத்தியல கீழ வச்சுட்டு மறுபடி அடிச்சீங்கல்ல, மொத தடவை வீடியோவுல விழலைன்னு.

விசயம் இதுதாம்மா. என் கத்தியக் காணோம். ஒரு கத்தி குடுத்தாரு. ஆனா அது என்னது இல்ல. என்னதைத் தேடிக்கிட்டுத்தான் வாரேன்.

எப்படித் தெரியுமா? சொல்றேன். சிவக்கக் காச்சி எண்ணெயில முக்குனோம்ல, அப்ப மாஸ்டர் என்ன சொன்னாரு? டிக்குனு சத்தம் வந்தா கத்தி விரிசல் விட்டுப்போச்சு, அது எதுக்கும் ஆகாதுன்னாரு. நான் காதத் தீட்டிக்கிட்டு நின்னேன். அஞ்சு பேரு முக்குனாங்க. ரெண்டு டிக்கு கேட்டுச்சு. மொத டிக்கு விக்ரம் தம்பியோடது. ரெண்டாவதா? அதுக்கு வாரேன். பாட்டு ஓடுனதுல யாரு காதுலயும் விழல. மாஸ்டர் காதுல விழுந்துச்சு, ஏன்னா மூஞ்சி ஒரு சுண்டு சுண்டுச்சு. ஆனா மனுசன் வாயத் தெறக்கலையே. அஞ்சையும் தட்டுல வாங்கி வச்சுக்கிட்டு, பிடிய நானே போட்டுத் தாரேன், அடுத்த ஞாயித்துக்கெழம வாங்கன்னாரு.

அடுத்த வாரம் போனா அஞ்சு பெட்டி. அஞ்சு கத்தி. அஞ்சும் முழுசு.

அஞ்சுல ரெண்டு போனா மூணுதானம்மா? அஞ்சு எங்கிட்டு இருந்து வந்துச்சு? அங்கயே கேட்டிருக்கணும். எல்லாரும் கைதட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நானும் கூட நின்னு தட்டிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியப் பிரிச்சேன். மூடிக்குள்ள ஒரு அட்டை, உங்க கைகளால் உருவானதுன்னு அச்சடிச்சு. கத்தியத் திருப்பி முதுகப் பாத்தேன். மொழுக்குனு இருக்கு. என் கத்தி முதுகுல, பிடிகிட்ட, மூணு புள்ளி இருக்கணும். பாத்திரத்துல அடையாளம் வெட்டுவோம்ல, அந்தப் பழக்கம். காச்சுறதுக்கு முந்தியே யாருக்கும் தெரியாம ஆணிய வச்சு மூணு தட்டு தட்டிவச்சேன். அதுமட்டுமில்ல, என் கத்தி இம்புட்டு அழகா இருக்காதும்மா. சாணையில பிடிக்கையில எனக்குக் கை சாயுது, ஒரு பக்கம் சாஸ்தியாத் தேஞ்சுபோச்சு. மாஸ்டர்கூட, ஐயா, என்னய்யா கத்தி இது, வெட்டச் சொன்னா வளைஞ்சு போகும் போலயேன்னு சிரிச்சாரு.

நல்ல கத்தி கெடச்சா சந்தோசந்தானன்னு கேக்குறீங்க. மாஸ்டரும் அதேதான் கேட்டாரு. போன் போட்டேன். ஒசத்தியாத்தானய்யா குடுத்திருக்கேன், கொறைச்சா குடுத்தேன்னு சிரிக்கிறான். த்தூ. மன்னிச்சுக்கங்க, உங்க வீட்டுல துப்பக்கூடாது.

அது நல்லா வெட்டுதும்மா. அதான் எனக்குப் பொறுக்கல. என் வீட்டுக்காரி அன்னக்கொடி அதுல வெங்காயம் அரிஞ்சுட்டு, மனுசன் கையில இப்படி ஒரு வித்தை இருந்திருக்கே, இத்தன வருசம் தெரியாமப் போச்சேன்னு தெருவெல்லாம் காட்டிட்டு வந்துட்டா. கட்டுனதுல இருந்து என்னைய ஒரு வார்த்தை மெச்சாதவ. அவ மெச்ச மெச்ச சோறு எறங்கல எனக்கு. அந்தக் கத்தியில அரிஞ்ச காயா, கொழம்பே எச்சில் மாதிரி இருக்கு. காலம் பூரா அடுத்தவன் பாத்திரத்தத் தொடச்சு வச்சவன் நான். ஒண்ணே ஒண்ணு என் கையால செஞ்சேன். அதையும் மாத்திப்புட்டான்.

அதான் ஒவ்வொருத்தர் வீடாப் போனேன். ராஜாராமன் சாரு கத்தி அவரோடதேதான். குருபிரசாத்து போட்டோ அனுப்புனாரு, அதுவும் அவருதுதான். மேலூருக்குப் போயி விக்ரம் தம்பி கத்தியப் பாத்தேன். என் பையில இருக்கதும் அதுவும் ஒரே கடையில வாங்குன ரெண்டு கரண்டி மாதிரி இருக்கு.

மிச்சம் நீங்கதாம்மா. உங்க கத்தியக் கொஞ்சம் எடுங்க. அந்தக் கொய்யாவ அதுலயே அறுப்போம்.

எது, பார்சல் பிரிக்கவா வச்சிருக்கீங்க? பசையெல்லாம் ஒட்டிக் கெடக்கே, கருமம். தக்காளி வெட்டுனா நேராப் போகாதா? ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு ஓடுதா? உங்ககிட்டக் குடுக்கையில மாஸ்டர் என்ன சொன்னாரு? கோணலா இருந்தாத்தான் கையால செஞ்சதுன்னு வீடியோவுல தெரியும்னாரா? சொல்லுவான். உங்களுக்குக் கடைக் கத்தியக் குடுத்தா பாக்குறவுக கண்டுபிடிச்சிருவாக. கெழவனுக்கு என்ன தெரியும்னு அத எனக்குத் தள்ளிவிட்டான்.

முதுகத் திருப்புங்க. பிடிகிட்ட. வெரல வச்சுத் தடவிப் பாருங்க.

மூணா?

ரெண்டாவது டிக்கு உங்களோடதும்மா. அது அன்னைக்கே பழைய இரும்போட போயிருக்கும். மூஞ்சிய ஏன் அப்படி வச்சுக்கிறீங்க? எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு.

கையில நீட்டாதீங்க, கத்திய அப்படிக் குடுக்கக்கூடாது. கீழ வைங்க, எடுத்துக்கிறேன். இந்தாங்க, துண்டுல சுத்திக் கொண்டாந்த இத நீங்க வச்சுக்கங்க. நேரா வெட்டும். வீடியோவுல என்ன சொல்லுவீங்களோ, அது உங்க பாடு.

அன்னக்கொடிகிட்டயா? ஒண்ணும் சொல்லப் போறதில்ல. சத்தமில்லாம அஞ்சறைப்பெட்டி பக்கத்துல வச்சிருவேன். நாளைக்கே ஆரம்பிப்பா, என்ன கத்தி செஞ்ச நீ, நேரா ஒரு வெங்காயம் அரிய முடியலன்னு. வையட்டும். அது எனக்குச் சேர வேண்டிய வசவு. ஊர்ல கடைக் கத்திக்கு மெச்சுனத இவ்வளவு நாளு நான் முழுங்குனேன்ல.

இதக் கழுவிட்டு நானே அறுக்குறேன், இருங்க. ஒருவாட்டிகூட இது வெட்டிப் பாத்ததில்ல நான். ம்... ஆமா, கோணத்தான் ஓடுது. இந்தத் துண்டு பெருசு, இது வெத்தல மாதிரி. எட்டு. உப்பு மொளகாத்தூள் எதுவும் வேணாம், வெறுமனே திங்கிறேன்.

இனிக்குதும்மா. ஒண்ணு எடுத்துக்கிட்டேன். மிச்சம் ஏழு இருக்கு, எண்ணிக்கங்க.